பலகைச் சுவரில் இரண்டு தட்டல்கள்

பூமிக்கு அடியில் இருக்கிற பாறையும் மணலும் களிமண்ணும் கடவுள் படைத்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கின்றன என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. நிலத்தடி வாசிப்பு வாரியத்தின் இசைவுக் கூட்டம் கூடி, தலைவர் தலையை ஆட்டிய பிறகுதான் அவை அங்கே இருக்கத் தொடங்குகின்றன. அதுவரை அவை சந்தேகத்துக்குரிய பொருட்கள்.

இதை நம் வாசிப்பாளருக்கு வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். அவர் சாதுவான மனிதர். இவ்வளவு பெரிய கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள் என்றால் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைக்கிற சுபாவம். சரி என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

அவருடைய வேலை இதுதான். ஏதாவது ஒரு குடியிருப்பில் தண்ணீருக்காக வாரியம் ஆழமாகத் துளை போடும். குழாய் இறக்குவதற்கு முன்னால், கை கனத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கருவியை நீளமான கம்பி வடத்தில் கட்டி அடிவரைக்கும் இறக்கி, மெல்ல மெல்ல மேலே இழுப்பார்கள். அது வரும் வழியில் தொட்டதையெல்லாம் கோடுகளாகத் தாளில் எழுதிக்கொண்டே வரும். களிமண்ணுக்கு இயல்பாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. அதனால் களிமண் வந்தால் முதல் கோடு துள்ளும், மணல் வந்தால் அடங்கும். இரண்டாவது கோடு, நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை ஓடவிட்டுவிடும், கோடு விழுந்துவிடும். நல்ல தண்ணீர் தடுக்கும், கோடு ஏறும். இந்தக் கோடுகளைப் பார்த்து எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது, தண்ணீர் உள்ளே வர ஓட்டைகள் போட்ட துளைக் குழாயை எந்த அடுக்குக்கு நேராக இறக்கலாம் என்று சொல்ல வேண்டும்.

வாசிப்பாளருக்கு அது வேலையாகவே தெரியவில்லை. யாரும் கண்ணால் பார்க்காத ஒன்று, இருட்டுக்குள்ளிருந்து தன்னைப் பற்றித் தானே சொல்கிறது. தாளை விரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். ஆண்டவனே, நீ எழுதியதை நான் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்.

வாரியத்தில் ஒருவருடைய அறிவை அவருடைய நாற்காலியை வைத்துச் சொல்லிவிடலாம். புதிதாக வந்தவருக்கு முக்காலி. கொஞ்சம் அறிவு வந்ததும் முதுகுச் சாய்வு வரும். இன்னும் அறிவு முற்றினால் கை வைத்த நாற்காலி. சக்கரம் தலைவருக்கு மட்டும்தான். இரண்டு பேருக்கு இடையில் ஒரு பாறையைப் பற்றிக் கருத்து வேறுபாடு வந்தால், இருவரும் எழுந்து நின்று நாற்காலிகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

கூட்ட அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மூல வரைபடம் தொங்கியது. வாரியத்தை நிறுவியவர் தம் கையால் வரைந்தது. முதல் துளை போடுவதற்கு முன்பே அவர் அதை வரைந்து முடித்துவிட்டார் என்று வாரியத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அதன்படி மேலே உதவாத மணல், நடுவில் களிமண், கீழே நல்ல தண்ணீர் உள்ள மணல். இதுவரை போட்ட துளை ஒவ்வொன்றும் வரைபடத்தோடு ஒத்துப்போயிருந்தது. சில ஊர்களில் தண்ணீர் உப்பாக வந்தபோது, அங்கே இருந்தவர்களுக்கு நாக்குப் பழக்க முகாம் நடத்தினார்கள். நம் வாசிப்பாளர் அதுவரை வாசித்த துளைகளில் வரைபடம் தற்செயலாகச் சரியாகவே இருந்ததால், அவருக்கு ஒரு சங்கடமும் வந்ததில்லை.

வாரியத்தின் மிகப் பெரிய பெருமை இருவர் வாசிப்பு. ஒரே துளையின் கோட்டுப் பதிவை இரண்டு பேர் இரண்டு அறைகளில் தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் கலந்து பேசக் கூடாது. பேசினால் இருவருக்கும் வேலை போய்விடும். பிறகு இசைவுக் கூட்டத்தில் எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அது உண்மை.

வாசிப்பாளரின் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருந்தவர் சில வருடம் மூத்தவர். பக்கத்து அறைக்காரர் என்றே சொல்லிக்கொள்வோம். முதன்முதலில் ஒரு பதிவை விரித்துவைத்துக்கொண்டு வாசிப்பாளர் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று, பலகைக்கு அப்பால் இரண்டு முறை டொக், டொக் என்று கேட்டது. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பக்கத்து அறைக்காரர் தன் டப்பாவிலிருந்து பாதியை இவர் பக்கம் தள்ளினார்.

"ஏம்ப்பா, மூச்சு விடற சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது. பயப்படாத. நல்ல தண்ணின்னா நான் ரெண்டு தட்டு தட்டறேன். களிமண்ணுன்னா ஒண்ணு. உப்புன்னா ஸ்கேலால பலகையில ஒரு இழு இழுத்து விடறேன்."

"அண்ணே, கலந்து பேசக் கூடாதுன்னு சட்டம் இருக்கே?"

"பேசக் கூடாதுன்னுதானே இருக்கு? தட்டக் கூடாதுன்னு இல்லையே!"

வாசிப்பாளருக்கு அந்தச் சாப்பாட்டின் ருசி கடைசிவரை மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பதிவானாலும், அவர் ஒரு முடிவுக்கு வந்த அதே நேரத்தில் பலகையும் பேசும். பூமிக்கு அடியில் ஒருவன் தனியாக இல்லை என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

வாசிப்பாளரின் அக்கா நகரத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில் இருந்தாள். அம்மா போன பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அங்கே பழைய கிணற்றில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. சோறு வேகாது, வெந்தாலும் மஞ்சளாக இருக்கும். வாரியத்தின் தண்ணீர் லாரி எப்போதாவது வரும். வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். லாரிக்காரர் நல்ல மனுஷர். கடைசியில் நிற்பவளுக்கும் இருக்கிற மாதிரி பார்த்துப் பார்த்துத் திறப்பார். இந்தக் குடியிருப்புக்குத் துளைக் கிணறு போடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு என்று வாரியம் அறிவித்துவிட்டால் லாரி நின்றுவிடும்.

"கிணறு நல்லா வந்தா லாரி எதுக்கு? நல்லா வராமப் போனா?" என்று அக்கா கேட்டாள்.

"வராமப் போனா நல்லா வரலைன்னு சொல்லிடுவோம்க்கா. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்றார் வாசிப்பாளர். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

அந்தப் பதிவு அவர் மேசைக்கே வந்தது. கண்ணை மூடி வேண்டிக்கொண்டு விரித்தார். மேல் மணலில் முதல் கோடு அடங்கி நின்றது, இரண்டாவது கோடு கும்மென்று ஏறியது. கல்லாக இருந்தாலும் கோடு ஏறும் என்பதால், நிலத்தில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற மூன்றாவது கோட்டையும் பார்த்தார். ஈரமான ஈரம். சந்தேகமே இல்லை. அப்போது பலகையில் டொக், டொக். வாசிப்பாளர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். அடுத்து களிமண், ஒரு தட்டல். கீழ் மணலுக்கு வந்தார். கோடு செத்த பாம்பு மாதிரி விழுந்து கிடந்தது. பலகையில் ஸ்கேல் நீளமாக இழுபட்டது.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, நல்ல தண்ணி இருக்கு. ரொம்ப ஆழம்கூட இல்ல." போனில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவள் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டாள்.

இசைவுக் கூட்டத்தன்று காலையில் வாசிப்பாளர் மாடிப்படியில் ஏறும்போது, பக்கத்து அறைக்காரர் ஒரு கை வைத்த நாற்காலியோடு திருப்பத்தில் மாட்டிக்கொண்டு திண்டாடினார்.

"அண்ணே! யாருக்கு இது?"

"எனக்குத்தாம்ப்பா. நேத்துத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்." அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அந்தப் பக்கம் பிடியேன்."

வாசிப்பாளருக்கு வாயெல்லாம் பல். "இத்தனை நாள் உங்களுக்குக் கொடுக்காததே அநியாயம் அண்ணே" என்று சொல்லி, நாற்காலியின் பாரத்தையெல்லாம் தன் பக்கம் வாங்கிக்கொண்டு மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். கைப்பிடியில் இருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தும் கொடுத்தார்.

கூட்டம் தொடங்கியது. எல்லோரும் எழுந்து மூல வரைபடத்துக்கு மரியாதை செலுத்தி உட்கார்ந்தார்கள். தலைவர் சக்கர நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்.

"முதல் வாசிப்பு சொல்லுங்க."

வாசிப்பாளர் எழுந்தார். "ஐயா, மேல் மணல்ல நல்ல தண்ணி இருக்கு. கோடு நல்லா ஏறியிருக்கு. நடுவுல களிமண். கீழ் மணல்ல கோடு விழுந்துடுச்சு. அது உப்பு. துளைக் குழாயை மேல் மணலுக்கு நேரா இறக்கினாப் போதும்."

அறையில் இருந்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள், அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

"விழுந்துடுச்சுன்னா?" என்றார் தலைவர்.

"தாழ்ந்து போயிருக்கு ஐயா."

"தாழ்ந்து போறதைத் தப்புன்னு சொல்றீங்க." தலைவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "நான் இந்த வாரியத்துல எப்படி மேல வந்தேன்? தாழ்ந்து போய்த்தான். அந்த மேல் மணலைப் பாருங்க, எவ்வளவு திமிரா நிமிர்ந்து நிக்குது! கீழ் மணல் எவ்வளவு பணிவாக் குனிஞ்சு கிடக்குது! பணிவு இருக்கற இடத்துலதாங்க இனிமை இருக்கும். எனக்குப் பாறையைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு வெளியில சில பேர் பேசிக்கறாங்க. உண்மைதான். தெரிஞ்சிருந்தா நான் நடுநிலையா இருக்க முடியுமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். வாசிப்பாளரும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். பரவாயில்லை, அடுத்து அண்ணன் இருக்கிறார், இரண்டும் ஒத்துப்போனால் உண்மைதானே என்று தைரியமாக உட்கார்ந்தார்.

"இரண்டாவது வாசிப்பு."

பக்கத்து அறைக்காரர் எழுந்தார். இரண்டு கைப்பிடிகளிலும் கை ஊன்றித்தான் எழுந்தார். "நான் தனியா, யாரையும் கலந்துக்காம வாசிச்சேன் ஐயா. மேல இருக்கறது வெறும் கல்லு. கல்லுக்கும் கோடு ஏறும். கீழ் மணல்தான் நல்ல தண்ணி."

"அண்ணே!" வாசிப்பாளர் எழுந்தே விட்டார். "நீங்களா இப்படிச் சொல்றீங்க? நீங்க வாசிச்சது அப்படி இல்லையே!"

தலைவரின் சக்கரம் கிரீச்சென்று இவர் பக்கம் திரும்பியது. "அவர் என்ன வாசிச்சார்னு உங்களுக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்?"

வாசிப்பாளர் வாயைத் திறந்தார். பலகை, தட்டல், ஸ்கேல் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. சொன்னால் இருவருக்கும் வேலை இல்லை. தனக்குப் போனால் போகட்டும். பக்கத்து அறைக்காரருக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்கு மூச்சிழுப்பு, மருந்து நிற்கக் கூடாது. வாரியம்தான் மருந்து கொடுத்தது. அவர் நிமிர்ந்து பக்கத்து அறைக்காரரைப் பார்த்தார். அந்தக் கண்களில் பயம் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பார். பயம் இல்லை. நீ சொல்லமாட்டாய் என்று நேற்றே தெரிந்துவைத்திருந்த நிம்மதிதான் இருந்தது.

"தெரியாது ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வாசிப்புகள் ஒத்துப்போகாததால் எல்லோரும் எழுந்து நாற்காலிகளைப் பார்த்தார்கள். ஒன்று முக்காலி, ஒன்று கை வைத்தது. கீழ் மணலில் நல்ல தண்ணீர் இருக்கத் தொடங்கியது.

அதோடு விடவில்லை. நல்ல தண்ணீர்போலத் தோற்றம் காட்டி ஒரு வாசிப்பாளரை ஏமாற்றிய குற்றத்துக்காக மேல் மணலிடம் விளக்கம் கேட்பது என்று தீர்மானமானது. வாரியத்தின் முத்திரையோடு அறிவிப்பு ஒன்றைத் துளையின் வாயில் ஒட்டினார்கள். மழை வந்து அது கரைந்து உள்ளே போய்விட்டது. மேல் மணல் நேரில் பெற்றுக்கொண்டும் பதில் அளிக்காததால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டது. பிறகு அதற்கு நேரே ஓட்டையில்லாத இரும்புக் குழாயையும், கீழ் மணலுக்கு நேரே துளைக் குழாயையும் இறக்கினார்கள்.

அக்காவிடம் வாசிப்பாளர் எதையும் விளக்கவில்லை. "கீழ இறக்கிட்டாங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் விட்டாள்.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். வரிசையாக எவர்சில்வர் டம்ளர்கள். தலைவரும், சுவை உறுதிக் குழுவினரும், அதன் புதிய உறுப்பினரான பக்கத்து அறைக்காரரும் வந்து இறங்கினார்கள். குழாயிலிருந்து தண்ணீர் தெளிவாக, பளபளவென்று கொட்டியது. உப்புத் தண்ணீருக்கு அழகில் ஒரு குறையும் கிடையாது.

தலைவர் டம்ளரைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். அவருடைய காதுகள் இரண்டும் பின்பக்கமாக நகர்ந்தன. கண்ணில் நீர் கட்டியது.

"ஆகா" என்றார். மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இந்தத் தண்ணியில ஒரு ஆழம் இருக்கு. சில பேருக்கு உப்புக் கரிக்கற மாதிரி இருக்கலாம். அது தண்ணியோட உப்பு இல்ல. அவங்க மனசுல இருக்கற உப்பு. நான் இங்கேயே இருந்து தினமும் இதைக் குடிக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா உங்களுக்குன்னு போட்டதை நான் குடிச்சா அது திருட்டு. வாரியத்துல அந்தப் பழக்கம் வெளியில தெரியற மாதிரி நாங்க வச்சுக்கறதில்ல."

அக்காவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. வந்தவருக்கு வேர்த்துக் கொட்டுகிறதே என்று இன்னொரு டம்ளரை நிறைத்துக்கொண்டு ஓடினாள். "குடிங்கய்யா. வெயில்ல வந்திருக்கீங்க. எங்க கிணத்துத் தண்ணியை முதமுதல்ல வாயாரப் புகழ்ந்தது நீங்கதான்." கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் அதையும் குடித்தார். அக்கா மறுபடியும் நிறைத்தாள். குழுவினர் அவசரமாக மைக்கைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டு, பேசினால் குடிக்க வேண்டியதில்லை என்று நீளமாகப் பேசத் தொடங்கினார்கள்.

பக்கத்து அறைக்காரர் ஓரமாக நின்றார். கையில் டம்ளர். வாய்க்குக் கொண்டுபோனார், குடிக்க முடியவில்லை. வாசனையே இருமலைக் கிளப்பிவிட்டது. இருமி இருமி முகம் சிவந்து, பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா பார்த்துவிட்டாள். "நீங்கதானே அந்தப் பக்கத்து ரூம் அண்ணன்? என் தம்பிக்கு உங்க சாப்பாட்டுல பாதியைக் கொடுத்தீங்களாமே. எத்தனை தடவை சொல்லியிருக்கான்! அய்யோ, இதைக் குடிக்காதீங்க. குடுங்க இப்படி." டம்ளரைப் பிடுங்கிக் கீழே கொட்டினாள். வீட்டுக்குள் ஓடினாள். போன தடவை லாரி வந்தபோது பிடித்த நல்ல தண்ணீர் குடத்தின் அடியில் கொஞ்சம் இருந்தது. குடத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை டம்ளரில் விட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் குடித்தார். இருமல் நின்றது. குடிக்கும்போதே அவருடைய விரல் ஒன்று, அவரைக் கேட்காமலே, டம்ளரின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டியது. வாசிப்பாளர் அதைப் பார்த்தார். வாசிப்பாளர் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார்.

வாசிப்பாளருக்கு உள்ளே ஏதோ இளகியது. இந்த மனிதன் இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தார். ஒரு வாய் நல்ல தண்ணீர் தொண்டையில் இறங்கின பிறகு எவனாலும் பொய் சொல்ல முடியாது என்றே நம்பினார். அப்படி நம்புகிற ஜாதி அவர். நானும் அந்த ஜாதிதான்.

மைக் பக்கத்து அறைக்காரரிடம் வந்தது.

"குடிச்சீங்களா?" என்று குழு கேட்டது.

"குடிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் கையில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தார். "நல்ல தண்ணி. தேன் மாதிரி."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கை தட்டல் அடங்கியதும் தலைவர் கிணற்றை அந்த இடத்திலேயே நல்ல தண்ணீர்க் கிணறு என்று அறிவித்தார். கார்கள் புறப்பட்டுப் போயின. போகிற வழியில் முதல் திருப்பத்தில் தலைவரின் கார் மட்டும் அவசரமாக நின்றதாகவும், அவர் வெகுநேரம் ஒரு புதருக்குப் பின்னால் இருந்ததாகவும் சொன்னார்கள்.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது லாரி வந்தது. லாரிக்காரர் இறங்கித் தலையைச் சொறிந்தார். "இந்தப் பக்கம் இனிமே வரக் கூடாதுன்னு இப்பத்தான் போன்ல சொன்னாங்கம்மா. இதான் கடைசித் தடவை." குடங்களை நிறைத்துவிட்டு வண்டியில் ஏறும்போது திரும்பினார். "எனக்கு வர வரக் கண்ணு சரியில்ல. ஞாபகமும் சரியில்ல. வழி தவறி அப்பப்போ இங்க வந்துடுவேன்னு நினைக்கறேன். வந்தா நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் போன பிறகுதான் வாசிப்பாளருக்கு அழுகை வந்தது. குழாயடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பலகை, நாற்காலி, கூட்டம், தான் வாயை மூடிக்கொண்டது, கடைசியில் அந்த டம்ளர். அக்கா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நல்ல தண்ணி எங்கடா இருக்கு?"

"இங்கதான்க்கா. இந்தக் குழாய்க்கு வெளியில. இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டே நிக்குது. அந்த இடத்துல தகட்டுல ஓட்டை போட்டுட்டு, கீழ அடைச்சாப் போதும். ஆனா ரெண்டாவது வாசிப்பு மாறினாத்தான் அதுக்கு ஆள் வரும்."

அக்கா குழாய்மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"அக்கா, அந்தத் தண்ணியை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டாம்."

"ஏன் கொடுக்கக் கூடாது? தொண்டை அடைச்சு நின்னான், கொடுத்தேன். நாளைக்கு வந்து நின்னாலும் கொடுப்பேன். அது தாகத்துக்குக் கொடுத்தது. அதை அவன் எதுக்கு வச்சுக்கிட்டான்கறது அவனுக்கும் கடவுளுக்கும் நடுவுல." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா நீ வாயை மூடிக்கிட்டியே, அது எந்தத் தாகத்துக்குடா?"

மறுநாள் காலையில் வாசிப்பாளர் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தட்டியது அவர், கேட்டது நான், தப்பு இருவருடையதும்தான், ஆனால் அந்தக் குழந்தைக்கு மருந்தை நிறுத்திவிடாதீர்கள், எனக்கு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார்.

வாரியம் கலங்கிப்போனது. உடனே விசாரணைக் குழு அமைத்தார்கள். குழுவினர் பலகைச் சுவரை இரண்டு பக்கமிருந்தும் தட்டிப் பார்த்து அதிர்ந்துபோனார்கள். தலைவர் முடிவைப் படிக்கும்போது குரல் தழுதழுத்தது.

"நாம யாரை நம்பினோமோ அதுவே நம்மைக் கைவிட்டிருக்கு. இந்தச் சுவர் ஒலியைக் கடத்தி ஒரு நேர்மையான அதிகாரியைச் சந்தேகத்துக்கு ஆளாக்கியிருக்கு. அவர் தட்டினது மேசையைத் தட்டற பழக்கம்னு நம்மகிட்ட சொல்லிட்டார். சுவர் இடிக்கப்படும். அந்த இடத்துல கனமான செங்கல் சுவர் எழுப்பப்படும். இவர் காது தேவைக்கு மேல கூர்மையா இருக்கறதால வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கிணத்து விஷயம் சுவர் விஷயம் இல்லைங்கறதால அதை நாம எடுத்துக்கல."

சாமான்களை எடுத்துப்போக வாசிப்பாளர் கடைசியாக ஒருமுறை வந்தார். எடுக்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு டப்பா, ஒரு கைக்குட்டை, ஒரு ஸ்கேல். கொத்தனார் ஒருவர் புதுச் சுவரைக் கழுத்து உயரத்துக்கு எழுப்பியிருந்தார். மேலே இன்னும் கொஞ்சம் பலகை மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிடும் சத்தம்.

டொக், டொக்.

வாசிப்பாளர் டப்பாவோடு நின்றுவிட்டார். கை தானாகச் சுவரை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது.

கொத்தனார் சாந்துக் கரண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "யாருங்க அந்தப் பக்கம் தட்டறது? என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேண்டாம். நல்ல தண்ணி இருக்குன்னு சொல்றார்."

"எங்க?"

"எங்க அக்கா வீட்டு வாசல்ல."

"அட, அவருக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா வெளியில வந்து வாயால சொல்லவேண்டியதுதானே? சுவத்துக்கிட்ட எதுக்குச் சொல்றார்?"

வாசிப்பாளர் கையை இறக்கி டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கொத்தனார், சாந்து காய்ந்துவிடுமே என்று பலகையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு அடுத்த செங்கல்லை வைத்தார்.